ஒரு விசைக்கு எத்தனை எண்கள்?

மடிக்கணினியில் எண்டர் விசை மட்டும் ஒரு நாள் வேலை செய்யாமல் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற விசைகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கடைக்குக் கொண்டு போனால், "ஒரு விசையை மட்டும் மாற்ற முடியாது, முழு கீபோர்டையும் மாற்றணும்" என்கிறார்கள். சில மாடல்களில் விசைப்பலகை மேல்மூடியோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கும். அப்படியானால் செலவு இன்னும் அதிகம். பழைய மடிக்கணினியை வாங்கிக் கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவருக்கு அது சிறிய செலவு அல்ல.

உண்மையில் இதற்குப் பைசா செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதிகம் பயன்படாத கேப்ஸ் லாக் விசையை எண்டராக மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இந்த வசதி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கு வழி உண்டு. பிறகு ஏன் பெரும்பாலானவர்கள் கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்?

வசதி இல்லாமல் இல்லை. அதைப் பயன்படுத்தத் தேவையான பட்டியல் எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவ்வளவுதான்! மென்பொருள் எழுதுகிறவர்களும் விசைப்பலகை செய்கிறவர்களும் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது சின்ன விஷயம் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செய்முறை வேறு, குறிப்பேடு வேறு

இணையத்தில் தேடினால் "கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றுவது எப்படி?" என்று நூறு செய்முறை விளக்கங்கள் கிடைக்கும். அவை எல்லாம் யாரோ ஒருவருடைய தேவைக்கு எழுதப்பட்டவை. உங்கள் தேவை அதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் போதும், அந்த விளக்கம் உதவாது. உங்களுக்கு வேண்டியது எண்டர். அவர் எழுதியிருப்பது கன்ட்ரோல்!

குறிப்பேடு என்பது அப்படியல்ல. எல்லா விசைகளின் பெயர், எண், எழுதும் முறை, விதிவிலக்கு ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்திருப்பது அது. செய்முறை என்பது ஓர் ஊருக்குப் போகச் சொல்லும் வழி. குறிப்பேடு என்பது வரைபடம். வழி கேட்டுப் போனவர் ஒரு திருப்பம் தவறினாலும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். வரைபடம் இருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

ஒரே விசை, பல பெயர்

சரி, குறிப்பேட்டைத் தேடுவோம் என்று கிளம்பினால் அங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. குறிப்பேடு ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றிலும் அதே விசைக்கு வேறு வேறு எண்!

கேப்ஸ் லாக்கையே எடுத்துக்கொள்வோம். கணினிக்காரர்கள் விசை எண்களைப் பெரும்பாலும் 16ஐ அடிமானமாகக் கொண்ட முறையில் எழுதுவார்கள். அதில் 9க்குப் பிறகு ஏ, பி, சி என்று எழுத்துகள் வரும்.

- விண்டோஸ் பதிவேட்டில் எழுத வேண்டிய ஸ்கேன் கோடு: 3ஏ. சாதாரண எண்ணில் இது 58.
- விண்டோஸ் நிரல்கள் பயன்படுத்தும் மெய்நிகர் விசை எண்: 14. சாதாரண எண்ணில் 20.
- யூ.எஸ்.பி. விசைப்பலகைக்கான எச்.ஐ.டி. பட்டியலில்: 39. சாதாரண எண்ணில் 57.
- லினக்ஸ் கெர்னலில்: சாதாரண எண்ணிலேயே 58.
- லினக்ஸின் பழைய எக்ஸ் சாளர அமைப்பில்: 66.

இதில் எது சரி? எல்லாமே சரி! அதுதான் சிக்கல்.

எச்.ஐ.டி. பட்டியலைப் பார்த்து 39 என்ற எண்ணை விண்டோஸ் பதிவேட்டில் எழுதினால் என்ன ஆகும்? பதிவேட்டின் கணக்கில் 39 என்பது ஸ்பேஸ் பார். கேப்ஸ் லாக் அப்படியே இருக்கும், ஸ்பேஸ் பார் எண்டராகிவிடும். லினக்ஸ் பட்டியலில் பார்த்த 58ஐ அப்படியே 16 அடிமான எண்ணாக நினைத்து எழுதினால் எஃப்12 விசை மாறிவிடும். படித்த ஆவணத்திலும் பிழை இல்லை, எழுதிய எண்ணிலும் பிழை இல்லை. ஒரு புத்தகத்தின் எண்ணை இன்னொரு புத்தகத்தில் பதிந்ததுதான் பிழை.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வங்கியில் பணம் போட்டால் வியாபாரியின் ரொக்க ஏட்டில் வங்கிப் பத்தியில் பற்று. அதே தொகை வங்கியின் செல்லேட்டில் வரவு. இரண்டு ஏடும் சரிதான். யார் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது என்று தெரியாமல் படித்தால் எல்லாம் தலைகீழ். அதற்காகத்தான் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒன்றைத் தயாரிக்கிறார்கள். விசைப்பலகை உலகத்தில் அந்தச் சரிக்கட்டும் பட்டியலைச் சாதாரணப் பயனாளரின் கையில் கொடுப்பாரில்லை!

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது?

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. 1981ல் வந்த ஐ.பி.எம். பிசியின் விசைப்பலகை ஒரு எண் தொகுதியை அனுப்பியது. 1984ல் வந்த ஏ.டி. கணினியில் தொகுதி மாறியது. பழைய மென்பொருள்கள் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக, நடுவில் இருந்த சில்லு புதிய எண்களைப் பழைய எண்களாக மாற்றிக் கொடுத்தது. 1990களில் யூ.எஸ்.பி. வந்தபோது முற்றிலும் வேறொரு பட்டியல் வந்தது. விண்டோஸ் உள்ளே இன்னும் அந்தப் பழைய 1981ன் வழிவந்த எண்களாக மாற்றித்தான் வேலை செய்கிறது. லினக்ஸும் முக்கிய விசைகளுக்கு அவற்றையே ஒட்டிப் போயிற்று. எக்ஸ் அமைப்பில் விசை எண்கள் 8லிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதால் கெர்னல் எண்ணோடு 8ஐக் கூட்டிக்கொள்கிறார்கள். 58 அங்கே 66 ஆனது அப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. அந்தக் காலத்து ஐ.பி.எம். நிறுவனம் தன் பிசிக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பேட்டை விலைக்கு விற்றது. விசை எண்கள் மட்டுமல்ல, மின்சுற்று வரைபடமும் பயாஸ் நிரலும்கூட அதில் அச்சிடப்பட்டிருந்தன! இன்று புதிய மடிக்கணினி வாங்கினால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? உத்தரவாதச் சீட்டும், "மின்சாரத்தில் இணைக்கவும்" என்று படம் போட்ட ஒரு தாளும்.

மவுஸின் கதை இன்னும் மோசம்

மவுஸில் இருப்பதே நாலைந்து பொத்தான்கள்தான், அதில் என்ன குழப்பம் வரப்போகிறது என்று தோன்றும். "2ஆம் பொத்தான்" என்றால் எது? யூ.எஸ்.பி. கணக்கில் வலது பொத்தான். விண்டோஸ் மெய்நிகர் எண்ணிலும் 2 என்பது வலது. எக்ஸ் அமைப்பில் 2 என்பது நடுப்பொத்தான், வலது 3. இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்டில் எண்ணிக்கை 0விலிருந்து தொடங்குகிறது. அதில் 1 நடு, 2 வலது. விண்டோஸில் நடுப்பொத்தான் 4. எக்ஸ் அமைப்பில் 4 என்பது சக்கரத்தை மேலே உருட்டுவது!

இடதுகைப் பழக்கம் உள்ளவருக்குப் பொத்தான்களை இடம் மாற்றும் வசதி எல்லா இயங்குதளங்களிலும் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு தேவை வந்தால் குறிப்பேடு இல்லாமல் நகர முடியாது. விண்டோஸ் பதிவேட்டு முறை விசைப்பலகைக்கு மட்டுமே, மவுஸுக்கு உதவாது என்ற செய்தியைக்கூட பல செய்முறை விளக்கங்கள் சொல்வதில்லை. ஒரு மணி நேரம் முயன்று தோற்ற பிறகு தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது?

மைக்ரோசாஃப்ட் இந்த முறையை ஆவணப்படுத்தவே இல்லை என்று சொன்னால் அது பொய். "ஸ்கேன்கோடு மேப்" என்ற பெயரில் பதிவேட்டில் எழுத வேண்டிய முறை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. முதலில் பூஜ்யங்களாக 8 பைட்டுகள். அடுத்த 4 பைட்டில் எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 பைட்டுகள். கடைசியில் மீண்டும் 4 பூஜ்ய பைட்டுகள். ஒரு விசையை மட்டும் மாற்றினால் மொத்தம் 20 பைட்டுகள். இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முடிவில் வரும் பூஜ்ய வரிசையையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதால் ஒரு மாற்றத்துக்கு எண்ணிக்கை 2. இரண்டாவது, விசையின் புதிய வேலை முதலிலும் பழைய விசை அடுத்ததாகவும் வரும். கேப்ஸ் லாக்கை எண்டராக்க முதலில் எண்டரின் 1சி, பிறகு கேப்ஸ் லாக்கின் 3ஏ. மாற்றி எழுதினால் எண்டர்தான் கேப்ஸ் லாக்காகும். கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே மாற்றம் தெரியும். எல்லாப் பயனாளர்களுக்கும், இணைத்திருக்கும் எல்லா விசைப்பலகைகளுக்கும் அது பொருந்தும்.

இவ்வளவு விவரமும் எங்கே இருக்கிறது? வன்பொருளுக்கு டிரைவர் எழுதும் பொறியாளர்களுக்கான பகுதியில்! எண்டர் விசை உடைந்த கணக்காளர் அங்கே போவாரா? மருந்து கடையில் இருக்கிறது, ஆனால் பூட்டிய அறையில் இருக்கிறது என்பதுபோல.

ஆப்பிளும் அப்படித்தான். மேக் 10.12 பதிப்பிலிருந்து கட்டளை வழியாக விசைகளை மாற்றும் முறையையும் விசைப் பட்டியலையும் "டி.என். 2450" என்ற தொழில்நுட்பக் குறிப்பில் வெளியிட்டது. நல்ல ஆவணம்தான். இந்த எண்ணைத் தெரிந்தவருக்கு உடனே கிடைக்கும். தெரியாதவருக்கு?

வயதான ஆவணங்கள்

கிடைத்த ஆவணம் இன்றைக்குப் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. லினக்ஸில் எக்ஸ் அமைப்புக்கு எழுதப்பட்ட பழைய விளக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. இன்று பல லினக்ஸ் பதிப்புகள் வேலண்ட் என்ற புதிய அமைப்பில் இயங்குகின்றன. அங்கே பழைய கட்டளைகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. மேக்கில் கராபினர் என்ற பிரபலமான மென்பொருள் 2016ல் இயங்குதளத்தின் உள்ளமைப்பு மாறியதால் செயலிழந்து, வேறொரு மென்பொருளாகப் புதிதாக எழுதப்பட்டது. 2003ல் வெளிவந்த ஆட்டோஹாட்கீயின் 2ஆம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. முதல் பதிப்புக்கு எழுதிய பல நிரல்கள் அதில் அப்படியே ஓடாது. ஆனால் பழைய விளக்கங்களின் தலைப்பில் பெரும்பாலும் பதிப்பு எண் இருப்பதில்லை. தேதி இல்லாத ரசீதை எந்தத் தணிக்கையாளராவது ஏற்பாரா?

புதிய விசைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் விசை, பல மடிக்கணினிகளில் வலது கன்ட்ரோல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பார்க்க ஒரே விசை. அழுத்தினால் இடது ஷிஃப்ட், விண்டோஸ் விசை, எஃப்23 ஆகிய மூன்றும் சேர்ந்து போகின்றன! இது தெரியாமல் அதை மீண்டும் கன்ட்ரோலாக மாற்ற முயல்பவர், "எஃப்23ஐ மாற்றியும் ஏன் ஷிஃப்ட் கூடவே வருகிறது?" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதுபோல மடிக்கணினியின் எஃப்.என். விசை பெரும்பாலும் இயங்குதளத்துக்கு எதையுமே அனுப்புவதில்லை. கணினிக்குள் இருக்கும் சில்லே அதைக் கவனித்துக்கொள்கிறது. எனவே எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாமல் போகலாம். "முடியாது" என்பதையும் ஒரு வரியில் எழுதி வைப்பதுதான் நல்ல கையேடு.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவர், விரல் வலியால் கன்ட்ரோலை எட்ட முடியாதவர் போன்றோருக்கு விசை மாற்றம் என்பது பொழுதுபோக்கு அல்ல, வேலையில் நீடிப்பதற்கான வழி. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானில் இன்சர்ட் விசைக்கு முக்கிய வேலை உண்டு. விரும்பினால் கேப்ஸ் லாக்கையும் அதற்குப் பயன்படுத்தலாம். பொதுக் கணினியில் யாரோ ஒருவர் கேப்ஸ் லாக்கை மாற்றி வைத்துவிட்டுப் போனால், அடுத்து வரும் பார்வையற்ற மாணவருக்கு அந்தக் கணினியே பயன்படாமல் போகலாம். அதைப் பழையபடி மாற்றுவது எப்படி என்று எழுதப்படாத விளக்கம் பாதி விளக்கமே.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆவணம் கிடைக்காதவர் என்ன செய்வார்? "ஒரே கிளிக்கில் விசையை மாற்றலாம்" என்று சொல்லும் ஏதோ ஒரு மென்பொருளை இறக்கி, நிர்வாகி அனுமதியும் கொடுத்து நிறுவுவார். பின்னணியில் ஓடி விசைகளை மாற்றும் மென்பொருள், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பார்த்தே ஆக வேண்டும். கடவுச்சொல்லைத் திருடும் மென்பொருளுக்கும் தேவைப்படுவது அதே அனுமதிதான்! 20 பைட்டுகளைத் தானே எழுதிக்கொள்ளத் தெரிந்தவர் யாரையும் நம்பவேண்டியதில்லை. தெரியாதவர் வங்கிக் கடவுச்சொல்லைப் பணயம் வைத்து எண்டர் விசையை வாங்குகிறார்.

"இதற்கெல்லாம் கையேடு எதற்கு?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. "மென்பொருளில் 'விசையை அழுத்துங்கள்' என்று வரும், அழுத்தினால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உடைந்த விசையை எப்படி அழுத்துவது? எண்டர் இல்லாதவர் எண்டரை அழுத்திக் காட்ட முடியாதே! அவர் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள பெயர் அவருக்குப் புரிய வேண்டும்.

"செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சொல்லிவிடுமே" என்பது இன்றைய பதில். சொல்லும்தான். ஆனால் அது எந்தப் பட்டியலிலிருந்து எண்ணை எடுத்தது என்று சரிபார்க்க மூல ஆவணம் கையில் இருக்க வேண்டும். வவுச்சர் இல்லாத பதிவை, எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சரிபார்க்காமல் ஏற்பது வழக்கமில்லை.

பட்டியலை வெளிப்படையாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு விசைப்பலகை என்று தமிழ்த் தட்டச்சு சிதறிக் கிடந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தமிழக அரசால் தரமாக ஏற்கப்பட்டது. ஏ விசையில் அ, எச் விசையில் க, எஃப் விசையில் புள்ளி என்று எல்லாம் பொதுவில் வைக்கப்பட்டன. அதனால்தான் வேறு வேறு ஆட்கள் எழுதிய மென்பொருள்களிலும் அதே விசை அதே எழுத்தைத் தருகிறது. பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள் அதை விரும்பாமல் இருக்கலாம். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

தேடுகிறவர் முதலில் தன் கேள்வியைத் திருத்திக்கொள்ளலாம். "விசையை மாற்றுவது எப்படி" என்று தேடுவதைவிட, எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்த வகை எண் என்று சேர்த்துத் தேடினால் பாதி வேலை முடிந்துவிடும். விண்டோஸ் பதிவேடு என்றால் ஸ்கேன் கோடு, மேக் என்றால் எச்.ஐ.டி. எண், லினக்ஸ் என்றால் கெர்னல் விசைக்குறி. கிடைத்த எண்ணை இன்னொரு விசையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பேஸ் பாருக்கு 39 என்றும் கேப்ஸ் லாக்குக்கு 3ஏ என்றும் இருந்தால் அது விண்டோஸ் பதிவேட்டுக்கான பட்டியல். கேப்ஸ் லாக்குக்கே 39 என்றிருந்தால் அது எச்.ஐ.டி. எதையும் மாற்றும் முன் பழையபடி திருப்பும் வழியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் அந்த ஸ்கேன்கோடு மேப் பதிவை நீக்கி மறுதொடக்கம் செய்தால் போதும்.

எழுதுகிறவர்களுக்குக் கோரிக்கை நான்கு. எண்ணை எழுதும் இடத்தில் அது எந்தப் பட்டியலின் எண் என்று சொல்லுங்கள். பதிப்பையும் தேதியையும் மேலேயே போடுங்கள். எது முடியாது என்பதையும், மாற்றியதை எப்படித் திருப்புவது என்பதையும் எழுதுங்கள். கையேட்டை மென்பொருளோடு சேர்த்தே கொடுங்கள். ஆட்டோஹாட்கீ நிறுவும்போதே முழு உதவிக் கோப்பும் விசைப் பெயர்களின் பட்டியலும் கணினிக்கு வந்துவிடுகின்றன, இணையமே தேவையில்லை. கடைசியாக அழுத்திய விசைகளின் எண்களைக் காட்டும் சாளரமும் அதில் உண்டு. இலவச மென்பொருளால் முடிந்தது, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு மடிக்கணினி விற்கும் நிறுவனங்களால் ஏன் முடியாது?

அதிகம் வேண்டாம். பெட்டிக்குள் வரும் அந்தப் படம் போட்ட தாளின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? அதில் விசைகளின் பெயரையும், ஒவ்வொரு பட்டியலிலும் அதற்குரிய எண்ணையும் அச்சிட்டால் போதும். வாங்கியவருடைய பொருள், அதில் எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. அந்த உரிமை ஒரு பக்கப் பட்டியல் இல்லாத காரணத்தால் பறிபோவது நியாயமா? தயாரிப்பாளர்கள் யோசிக்கட்டும், வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கட்டும்.